முந்நூறு விட்டில் இறகு

டாஸ்மேனியாவின் பர்னி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நோலீன் டாட்னெலுக்கு ஐம்பத்து நான்கு வயது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி பிற்பகலில்தான் ஏற்ற வேண்டும். நடுவில் கிடக்கும் ஐந்து மணி நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், மீன் பிடிப்பார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். நோலீன் வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்து விட்டில் பூச்சி கொல்லுவாள்.

ஐந்து வாரமாக இதேதான். அந்த இணைய விளையாட்டில் ஒரு சதுப்பு நிலம் உண்டு, அதில் வெள்ளி விட்டில்கள் பறக்கும். பத்தைக் கொன்றால் ஒன்று இறகு தரும், அதுவும் மனமிருந்தால். முந்நூறு இறகு சேர்த்தால் மின்னும் அங்கி ஒன்று கிடைக்கும். பருவம் வருஷத்துக்கு ஒரு முறை. முடிந்துவிட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்துபோய், அடுத்த வருஷம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதைப் போட்டா பலம் கூடுமா?" என்று கேட்டார் கணவர் கெல்வின்.

"கூடாது."

"அடியாவது தாங்குமா?"

"தாங்காது. பாக்க அழகா இருக்கும்."

"அதுக்கா அஞ்சு வாரம்?"

"நீ வருஷா வருஷம் கண்காட்சிக்குன்னு வளக்கிறியே ஒரு பூசணி, அதை யாரு திங்கிறா?"

கெல்வின் தோட்டத்துப் பக்கம் போனார். எனக்கு நோலீன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நாள் முழுக்க ஒளிரும் மஞ்சள் மேற்சட்டையில் திரிகிறவளுக்கு அழகான ஒன்றைத் தானே உழைத்து அடையத் தோன்றாதா?

அவளுடைய குழுவில் பதின்மூன்று பேர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சிதறிக் கிடக்கிறவர்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவர் இப்படி ஒன்றை ஈட்டிவிட்டால், மற்ற அத்தனை பேரும் தங்கள் ஆடை அணிகளைக் கழற்றிவிட்டு, விளையாட்டில் சேர்ந்த முதல் நாள் கிடைத்த கோணிச் சட்டையோடு வந்து பின்னால் நடப்பார்கள். ஈட்டியவர் மட்டும் மின்ன வேண்டும்.

குவீன்ஸ்லாந்தின் லாங்ரீச்சில் தனியாக இருக்கும் கிழவர் கிளாரி பவுடிச்சுக்கு எழுபத்தொரு வயது. மூன்று வருஷத்தில் பதினோரு ஊர்வலத்துக்குக் கோணிச் சட்டையில் வந்தவர். ஒரு தடவைகூட முன்னால் நடந்ததில்லை. கை மெதுவு, எதுவும் முடிவதற்குள் பருவம் முடிந்துவிடும். இந்த வருஷம் எப்படியாவது அவரை முன்னால் நடக்க வைப்பது என்று நோலீன் உறுதி பூண்டிருந்தாள். தன் முந்நூறு போன வியாழனே முடிந்தும் அங்கியைப் போடாமல், தினமும் அவர் பக்கத்தில் நின்று, இறகு அவருக்கே விழும்படி விட்டில் அடித்தாள்.

ஞாயிறு மாலை குழுவுக்கு எழுதினாள்: திங்கள் இரண்டு மணிக்குப் பருவம் முடிகிறது, நான்கு மணிக்கு எனக்கும் கிளாரிக்கும் ஊர்வலம். சின்ன எழுத்து அறிவிப்புகளைக் கிளாரி படிப்பதே இல்லை. நோலீன் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

திங்கள் அன்று பள்ளி விடுமுறை. விடிந்ததிலிருந்து அடித்தார்கள். ஒன்றரை மணிக்குக் கிளாரியிடம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு இறகு.

"இன்னும் ரெண்டுதான் அம்மணி," என்று அவர் குரல் காதுக்கருவியில் வந்தது. "நாய்க்குச் சோறு வச்சுட்டு, நானும் ஒரு வாய் போட்டுட்டு வரேன்."

"சீக்கிரம் வாய்யா கிழவா."

அவர் திரும்பியபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. சதுப்பு நிலத்தில் ஒரு விட்டில் இல்லை.

"எங்க போச்சு எல்லாம்?"

"மணி ரெண்டு தாண்டிருச்சே. எத்தனை தடவை கூப்பிட்டேன்."

"இங்க மணி ஒண்ணு பத்து நோலீன்."

நோலீனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஞாயிறு விடியலில்தான் டாஸ்மேனியாவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். குவீன்ஸ்லாந்தில் தள்ளுவதே இல்லை. ஆறு மாதமாக இரண்டு ஊருக்கும் ஒரே நேரமாக இருந்ததில் அவள் அதை மறந்துபோனாள்.

"எங்க ஊரு மணியைச் சொல்லித் தொலைச்சுட்டேன் கிளாரி."

அங்கே நாய் குரைப்பது கேட்டது. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளாரி போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

நான்கு மணிக்கு விளையாட்டின் நகரச் சதுக்கத்தில் கோணிச் சட்டைகள் கூடின. நோலீனும் கோணியில்தான் வந்தாள். கிளாரி வரவில்லை.

"கோவமாத்தான் இருப்பாரு," என்றாள் நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர் ஹினிமோவா. "உங்க ஊரு நாலு இங்க ஆறு, சாப்பாட்டு நேரம், பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு. அங்கியைப் போடு, ஒரு சுத்து நடந்துட்டுப் போயிடலாம்."

"அவரு வராம போட மாட்டேன்."

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தேநீரோடு வந்த கெல்வின், மனைவி மூக்கைச் சிந்துவதைப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பூசணி வளர்ப்பவருக்குத்தான் இந்தத் துக்கம் புரியும். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை மணிக்கு வரச் சொன்ன?"

"நாலுக்கு. இப்ப நாலே முக்கால். இனிமே எங்க வரப்போறாரு."

"லாங்ரீச்ல இப்ப என்ன மணி?"

நோலீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டு, போனவர்கள் எல்லாருக்கும் அவசரமாக எழுதினாள்: திரும்பி வாங்க, அவருக்கு இன்னும் நாலு ஆகவில்லை.

சரியாக ஐந்து மணிக்குச் சதுக்கத்துக்குள் ஒரு கோணிச் சட்டை மெதுவாக நடந்து வந்தது.

"நாலுன்னு சொன்ன, நாலுக்கு வந்துட்டேன்," என்றார் கிளாரி. "நீங்கல்லாம் ஏன் இவ்வளவு சீக்கிரமா வந்து நிக்கிறீங்க?"

"கோவமில்லையா?"

"வயித்தெரிச்சல்தான். நாயை இழுத்துக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தேன். இப்ப அதைப் போடு. அஞ்சு வாரம் பக்கத்துல நின்னு அடிச்சிருக்கேன், எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

அவள் போட்டாள். வெள்ளி ஒளி பக்கத்தில் நின்ற கோணிகள் மேலெல்லாம் விழுந்தது. கிளாரி அவளை ஒரு தடவை சுற்றி வந்தார்.

"அழகாத்தான் இருக்கு," என்றார்.

சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். நோலீன் அவரைப் பின்னால் வர விடவில்லை. தன் பக்கத்திலேயே நடக்கச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நானும் கூட நின்னு அடிக்கிறேன். முந்நூறும்."

"உனக்குத்தான் கிடைச்சாச்சே. உனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

"சரி, வா," என்றார் கிளாரி. "மணியை மட்டும் நான் சொல்றேன்."