பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகள்

எங்கள் அக்கா பள்ளிக்கூடச் சோதனையில் சித்தியடைந்தபோது, பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையார் ஒன்றும் செய்யவில்லை. செய்தவள் என் அம்மா.

இறுப்பிட்டியில் நாங்கள் இருந்த வீட்டில் ஒரு நீண்ட ஹோல், ஒரு அறை, ஒரு குசினி. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்துச் சீதனமாக எழுதிய வீடு, பங்கு பிரிக்கவில்லை. அறையைப் பெரியம்மா குடும்பம் பிடித்துக்கொண்டது. ஹோல் பெயருக்குத்தான் பொது. பின்னேரமானால் பெரியப்பாவின் கூட்டாளிகள் வந்து பாய் விரித்துக் கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளை அவர்கள் முன்னால் இருக்கக்கூடாதாம். அக்கா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி, அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கணக்குச் செய்வாள். அந்த வருடம் அவளுக்குச் சோதனை. தவறினால் படிப்பு அத்தோடு சரி என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். அப்பா மலைநாட்டில், பதுளையில் கடையோடு கிடந்ததால், வீட்டில் சட்டம் இவருடையதுதான்.

ஒரு மூலையை மறித்து அரைச்சுவர் வைக்க அம்மா கேட்டாள்.

"சுவர் வைச்சால் வீடு பிரிச்சதாப் போயிடும். பிறகு நான் கோட்டிலை வழக்குத்தான் வைப்பன்," என்றார் பெரியப்பா.

சேலை கட்டினோம். கடற்காற்று அதைத் தூக்கித் தூக்கி அக்காவைக் காட்ட, பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தென்னோலைக் கிடுகு கட்டினோம். அதைப் பெரியப்பாவே கத்தியால் அறுத்தெறிந்தார். கிடுகு என்றால் வேலியாம், வேலி என்றால் எல்லையாம். ஒரு முழ வேலிக்காக வாழ்நாள் முழுக்க வழக்காடுகிற ஊர் எங்களுடையது. மனிதர் அதே புத்தியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தார்.

அம்மா அப்பாவுக்குக் கடிதம் போட்டாள். அடுத்த மாதம் லொறியில் பன்னிரண்டு வெறும் தேயிலைப் பெட்டிகள் வந்திறங்கின. பலகைப் பெட்டிகள், விளிம்பில் தகரம், உள்ளே வெள்ளித்தாள். அம்மாவும் நானும் அவற்றைச் சரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மும்மூன்று அடுக்கினோம். அக்காவின் மூலை மறைந்தது.

"இதென்ன கூத்து?" என்று வந்தார் பெரியப்பா.

"பெட்டி, அத்தான். சாமான் வைக்க."

"எனக்குச் சுவர் மாதிரித்தான் தெரியுது."

"தள்ளிப் பாருங்கோ. அசையும்."

தள்ளினார். அசைந்தது. கடதாசி கலைத்துக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணை, பெட்டிக்கு எதிரா வழக்கு வைச்ச முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பியள். வையுங்கோ, பாப்பம்!" என்றார். பாயே குலுங்கியது. பெரியப்பாவின் முகம் சுண்டிப்போக, நான் துள்ளினேன்.

அந்தச் சந்தோசத்தை அம்மாவே கெடுத்தாள். ஆறு பெட்டிகளின் வாயைப் பெரியப்பாவின் பக்கம் திருப்பிவிட்டாள். "இது உங்களுக்கு, அத்தான். வெத்திலைத் தட்டத்தை இதிலை வையுங்கோ."

"அந்தாளுக்கு ஏன் குடுக்கிறியள்? எங்கடை அப்பா அனுப்பினது!" என்று கத்தினேன். தலையில் நல்ல குட்டு ஒன்று விழுந்தது.

முதலில் தட்டம் ஏறியது. பிறகு மூக்குக்கண்ணாடி, பழைய பேப்பர்கள், கடைசியில் அவர் உயிராக வைத்திருந்த றேடியோ. வருகிற ஆட்களுக்கெல்லாம் தன் பெட்டிகளைக் காட்டத் தொடங்கினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் விளையாட்டுச் சூட்டில் யாரோ பெட்டியில் முதுகைச் சாய்க்க, அடுக்கு ஆடி றேடியோ விழப்பார்த்தது. பெரியப்பா பாய்ந்து பிடித்தார். மறுநாள் காலையே பனஞ்சிலாகைச் சட்டங்களும் சுத்தியலும் கொண்டுவந்து, பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைத்து, வீட்டுச் சுவரோடு சேர்த்து ஆணி அறையத் தொடங்கினார்.

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, எங்கடை பெட்டிக்குப் பெரியப்பா ஆணி அடிக்கிறார்!"

"சத்தம் போடாதை. இனி அது அசையாது. ஆணி காணாட்டில் அந்தத் தகரப் பேணியிலை இன்னும் கிடக்கு. கொண்டுபோய்க் குடு," என்றாள் அம்மா. பெரியம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அம்மா பெரியப்பாவுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பேணியை அவர் காலடியில் எறிந்துவிட்டு, பெட்டிகளும் போச்சு, மூலையும் போச்சு என்று அக்காவின் மடியில் விழுந்து அழுதேன். அந்தப் பக்கம் சுத்தியல் அடி விழுந்துகொண்டே இருந்தது. அக்கா ஒரு கையால் என் வாயைப் பொத்தி, மறுகையால் கணக்கைச் செய்துகொண்டே போனாள்.