பூரணி பின்னிய இங்கிலாந்துக் குல்லா

நுவரெலியாவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் பாதிக் கொழும்பு மலையேறி வந்துவிடும். குதிரைப் பந்தயம் பார்க்க ஒரு கூட்டம், பூக்கண்காட்சி பார்க்க ஒரு கூட்டம், அடுத்தவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்க்க ஒரு பெருங்கூட்டம். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த 'ஏதாவது'வை நம்பித்தான் நஸார் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார்.

அந்தக் கடையில் தொங்கிய கம்பளிக் குல்லாக்களைப் பின்னியவள் பூரணி. அது வெளியே ஒருவருக்கும் தெரியாது. கடையின் பின்பக்கம் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பலகைப் பெட்டி, அதன்மேல் பூரணி. காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். பின்னி முடித்த ஒவ்வொரு குல்லாவின் உள்ளேயும் ஒரு சின்னத் துணி லேபிளை வைத்துத் தைக்க வேண்டும். 'இங்கிலாந்தில் செய்தது' என்று ஆங்கிலத்தில் எழுதிய லேபிள். நஸார் கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருந்தார். சீமைச் சாமான் என்றால்தான் சனம் கையை வைக்கும், உள்ளூர் என்றால் மூக்கைச் சுளிக்கும் என்பது அவர் கணக்கு. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. பூரணி பிள்ளை பெற்றுக் கிடந்தபோது அவர் மனைவி அசீசா தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். பொய் சொல்வதை மட்டும் மனுஷர் பாவத்தில் சேர்க்காமல் வியாபாரத்தில் சேர்த்திருந்தார்.

பூரணி பிறந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். சின்ன வயதிலேயே துரை பங்களாவுக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். துரைச்சாணி பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். சுதந்திரம் வந்த கையோடு துரை குடும்பம் கப்பலேறியது. பூரணியை ராகலையில் ஆண்டியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். மழை, அட்டை, கங்காணியின் வாய் இந்த மூன்றில் எது மோசம் என்று அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. ஆண்டியப்பனுக்கு நுவரெலியா மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்து, அவளுக்கும் நஸார் கடையில் இந்த வேலை அமைந்ததும், பெண்ணுக்கு மறுபிறப்பு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஊசியும் நூலும் கையில் இருந்தால் அவள் சோறு தண்ணீர் கேட்கமாட்டாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து சீசன் சரியில்லை. மழை விடவில்லை, வந்த சனமும் ஹோட்டல்களை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் குல்லாக்கள் சீசனுக்குள் போகாவிட்டால் இனி நூல் எடுக்கமாட்டேன் என்று நஸார் சொல்லிவிட்டார். நூல் இல்லையென்றால் பூரணிக்கு ராகலைக் கூடைதான்.

அப்போதுதான் அந்த அம்மாள் கடைக்குள் வந்தாள். கொழும்பில் பெரிய கந்தோர் உத்தியோகஸ்தரின் மனைவி. பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. அடுத்த மாதம் லண்டனுக்குப் போகிறாளாம். அங்கே சிநேகிதிகளுக்குக் கொடுக்க இந்த நாட்டிலேயே செய்த சாமானாக வேண்டுமாம். நஸார் வழக்கம்போல முதலில் குல்லாவைத்தான் எடுத்து விரித்தார். அம்மாளுக்கு நிறமும் பின்னலும் பிடித்துப்போயிற்று. ஆறு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்பக்கம் திருப்பினாள். லேபிளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலாந்துச் சாமானை இங்கிலாந்துக்கே சுமந்துகொண்டு போவதா என்று கேட்டுக் குல்லாவைக் கீழே வைத்தாள்.

நஸார் விழித்தார். உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் சொன்னது பொய்யாகும், சொல்லாவிட்டால் வந்த வியாபாரம் போகும். திரைக்குப் பின்னால் பூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி பின்னிய குல்லா ஊசியோடு தொங்க, திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா, அது இங்க செஞ்சதுங்க. நான்தான் பின்னுனேன்."

அம்மாள் முடிந்த குல்லாவையும் பாதிக் குல்லாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே கை என்று தெரிந்தது. முகம் மலர்ந்து நன்றாகப் பாராட்டினாள். பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடையில் அவள் வேலையை அவள் முகத்துக்கு நேரே ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. எந்த ஊர் என்று அம்மாள் விசாரித்தாள். தோட்டத்துப் பெண் என்று சொன்னதும் மலர்ந்த முகம் கொஞ்சம் யோசித்தது.

"அப்ப நீங்கள் இந்தியா ஆக்கள் எல்லோ? எனக்கு இந்த நாட்டுச் சனம் செய்த சாமான்தான் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை, பாவம். துணிக்குச் சாயம் போகுமா என்று கேட்பவளைப் போலத்தான் சொன்னாள். தான் பிறந்தது லிந்துலை, தன் அம்மா பிறந்ததும் அங்கேதான் என்றாள் பூரணி. தோட்டத்துச் சனமெல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சர்க்கார் சட்டம் போட்ட பிறகு பிரஜாவுரிமை கேட்டு மனுக் கொடுத்து, அது தள்ளுபடியானதை மட்டும் சொல்லவில்லை. அம்மாள் தலையை ஆட்டிவிட்டு நஸாரைப் பார்த்தாள். பூரணியும் நஸாரைப் பார்த்தாள்.

நஸார் அலமாரியைத் திறந்து ஒரு சின்னச் சந்தன யானையை எடுத்து வைத்தார். அசல் இந்த ஊர் வேலை, இந்த ஊர் மரம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். போன மாதம் கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்து, அந்த யானைகள்மேல் ஒட்டியிருந்த வைக்கோலைத் துடைத்தவள் பூரணி. அம்மாள் முகர்ந்து பார்த்து மகிழ்ந்துபோய், இதிலேயே ஆறு கட்டச் சொன்னாள்.

தன் வேலை என்னாகும் என்று தெரிந்தேதான் பூரணி வாயைத் திறந்தாள்.

"அது மைசூரு ஆனைங்கம்மா."

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் வாங்காமல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

நஸார் குதித்தார். சோறு போட்ட கடைக்கே உலை வைத்துவிட்டாளே என்றார். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். அவர் மூச்சு வாங்கும்வரை பூரணி பொறுத்திருந்தாள்.

"கப்பல்ல வந்த ஆனைய இந்த ஊருன்னு சொன்னீங்களே, மொதலாளி. என்னைய இந்த ஊருன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு வரலியே."

நஸார் அவள் முகத்தைப் பார்க்காமல் யானையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த திங்கட்கிழமை பூரணி ராகலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் கொடுத்தாள்.