மருத்துவப் பகுதியில் ஒரு மருந்துக்கொம்பு

பொருட்காட்சி விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொன்னது: "காட்சிக்கு வரும் பொருள் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது அதன் பெயரைக் கொண்டல்ல, அதன் பயனைக் கொண்டே தீர்மானிக்கப்படும்." நல்ல விதி. வேலைக் காலம் முழுவதையும் அரசாங்கக் கோப்புகளோடு கழித்து ஓய்வு பெற்றவள் நான். இதைவிடத் தெளிவான விதியை அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

அந்த விதிகளை அச்சிட்ட தாள் எங்கள் வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே கொம்பு வாடை ஏறிப்போயிற்று. வேகும் கொம்பின் வாடை தெரியாதவர்கள், பொசுங்கிய தலைமுடியையும் மழையில் நனைந்த வெள்ளாட்டையும் ஒரே அறையில் பூட்டி வைத்துக் கதவைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளலாம். நான் அதில் சோறு தின்று, அதில் தூங்கி, அதையே பாவாடையில் சுமந்துகொண்டு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே என் பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்தது. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. மூக்கு உள்ளவர்கள், அவ்வளவுதான். எங்கள் வகுப்பு டீச்சர் கனிவானவர். ஆகவே என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

தெற்குவாசலுக்கு உள்ளே ஒரு சந்தில் எங்கள் வீடு. என் தகப்பனார், நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிறவர், கொம்பு வேலைக்காரர். சீப்பு, கத்திப்பிடி, மூக்குப்பொடி டப்பா எல்லாம் செய்வார். இவற்றோடு சுற்றுப்பட்டு ஊர்களில் காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும், கோயில் திருவிழாக்களில் வேட்டுப் போடுகிறவர்களுக்கும் "மருந்துக்கொம்பு" செய்து கொடுப்பார். மருந்து என்றால் வெடிமருந்து. எங்கள் பக்கத்தில் அதை வெறுமனே மருந்து என்றுதான் சொல்வார்கள். அதை நனையாமல் வைத்திருக்கவும் அளவாகக் கொட்டவும் மாட்டுக் கொம்பைப் போல வசதியானது வேறில்லை. "இரும்புன்னா உரசுனாப் பொறி கெளம்பும். மரம்னா ஈரத்த இழுக்கும். கொம்பு இந்த ரெண்டு வேலையும் பாக்காது. மனுசனும் அப்பிடி இருந்துக்கிட்டா வம்பே இல்ல" என்பார் அத்தா.

என் அண்ணன் காதருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. எங்களுக்கு நடுவில் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. பள்ளியில் பேச ஆளில்லாதவளுக்கு வீட்டில் பேசக் கிடைத்தவன் அவன் ஒருவன்தான். நான் திரும்பி வந்ததும், "என்ன பாத்துமா, இன்னைக்கும் ஜன்னலு சீட்டுதானா? ராணி மாதிரி காத்து வாங்கிட்டு வந்திருக்கியா?" என்பான். மற்றவர்கள் முகம் சுளித்த இடத்தை அவன் ராணிக்கு உரிய இடமாக்கிவிடுவான். அதற்காகவே நான் சாயங்காலம்வரை ஜன்னலோரம் உட்காரச் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன்.

பினாங்கில் மாமா கடை வைத்திருந்தார். வீட்டுக்கு மூத்த பையன் மீசை அரும்பியதும் கடல் தாண்டிக் கடையில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அண்ணனுக்கு அதில் விருப்பமில்லை. அவனுக்குக் கொம்பில் செதுக்க வேண்டும், சென்னையில் இருந்த கைத்தொழில் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். சித்திரைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில் கைத்தொழில் பகுதியில் முதல் பரிசு பெற்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்புக்கான உபகாரச் சம்பளத்தோடு சிபாரிசு உண்டு என்று விதித்தாளில் போட்டிருந்தது. அத்தா யோசித்துச் சொன்னார்:

"வாங்கு, பட்டணம் போ. வாங்கலைன்னா மாமா கப்பலு. பேச்சும் கொம்பும் ஒண்ணுடா, சூடா இருக்கையிலதான் வளையும். ஆறிப்போச்சுன்னா அப்பறம் வளைக்க நிக்கக் கூடாது."

"சரித்தா" என்றான் அண்ணன்.

அந்த ஐப்பசி மழையில் அவன் ஒரு காளைக் கொம்பை எடுத்தான். அடி வெண்மை, நுனி கருப்பு. உள்ளே இருக்கும் எலும்பு கழன்று விழும்வரை ஊறவைத்து, வேகவைத்து, நுனியை அறுத்துத் துளையிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் நாள்தோறும் சுரண்டினான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே விட்ட விரலின் நிழல் வெளியே தெரிய வேண்டும், அதுதான் பதம். பிறகு அடிவாயைக் கொதிநீரில் இளக்கி, பூவரசங்கட்டையில் கடைந்த வட்டத்தை அடைத்து, தேன்மெழுகு பூசினான். கடைசியில் ஊசிமுனையால் கோடு கீறி, அதில் விளக்குக் கரியைத் தேய்த்து ஒரு படம் எழுதினான். மற்றவர்கள் மயிலும் மானும் எழுதுவார்கள். அவன் எழுதியது வழி. வைகையில் தொடங்கி, கோட்டைத் தெருக்களைச் சுற்றி, ரயில் பாதையோடு திருப்பரங்குன்றம் போய், அங்கிருந்து கீழக்குயில்குடி மலைவரை கொம்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது அந்தக் கோடு.

"நம்ம வீட்டப் போடலையேண்ணே?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுக்கு எதுக்குடி படம்? தொலைஞ்சா போகப் போறோம்?" என்றான்.

கொம்பைப் பொருட்காட்சி அலுவலகத்தில் கொடுத்தபோது, அதில் கட்டிய அட்டையில் தன் அழகான கையெழுத்தில் பொருளின் பெயரை எழுதினான்: மருந்துக்கொம்பு. வேறென்ன எழுதுவான்? அதன் பெயர் அதுதான்.

பொருட்காட்சியில் ஒரு பிற்பகல் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை நடுவர்கள் சுற்றி வருவார்கள். அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப் போனாள். கைத்தொழில் பகுதி முழுக்கத் தேடினோம். தேங்காய்ச் சிரட்டை யானை இருந்தது, யாரோ ஓர் அதிகாரியின் மனைவி சோப்பில் செதுக்கிய அன்னம் இருந்தது, கொம்பு இல்லை. களைத்துப்போய் வெளியே வரும் வழியில் நாட்டு மருத்துவப் பகுதியில் பெண்கள் கூட்டம் அலைமோதியது. எட்டிப் பார்த்தேன். லேகிய ஜாடிகளுக்கு நடுவில், சிவப்புப் பட்டுத் துணிமேல் எங்கள் கொம்பு. உள்ளே சூரணம் போட்டிருந்த அதைக் கையில் எடுத்துக்காட்டி வயதான வைத்தியர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது ராசாக்கமார் காலத்து மருந்துக்கொம்பும்மா. பிள்ளைகளுக்கு இதுலதான் மருந்து புகட்டுவாக. மேல பாருங்க, கோடு ஓடுதா? இதுதான் நாடி ஓடுற தடம். இந்தா வளைஞ்சு வருதே, பித்த நாடி."

அது திருப்பரங்குன்றம் ரயில் பாதை.

"அந்த மேடு என்னங்கய்யா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஈரல்" என்றார் வைத்தியர் தயங்காமல். கீழக்குயில்குடி மலை ஈரலாகிவிட்டது. அந்த அம்மாள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அது துப்பாக்கிக் கொம்பு! எங்கண்ணன் செஞ்சது!" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. அம்மா என் வாயைப் பொத்தி இழுத்து வந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் அலுவலகத்துக்கு ஓடினான். விதித்தாளைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். இங்கிலீஷ் வாசகமும் அதில் இருந்தது, வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். குமாஸ்தா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்துன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான தம்பி? மருந்துப் பகுதியில வச்சிருக்கோம். இதுல என்ன தப்பு கண்டீக?"

"இது துப்பாக்கி மருந்துண்ணே" என்றான் அண்ணன்.

குமாஸ்தா டம்ளரைக் கீழே வைத்தார். "துப்பாக்கியா? மெதுவாப் பேசுங்கப்பா. உள்ள மருந்து கிருந்து கெடக்கா?"

"வைத்தியரு சூரணம் போட்டு வச்சிருக்காரு."

"அப்ப மருந்துதான?" என்றார் குமாஸ்தா, நிம்மதியாக.

நான் ஒன்பதாவது விதியை உரக்க வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாப் படிக்கிற பாப்பா. விதி அப்பிடித்தான் இருக்கு. ஆனா வச்ச பொருள எடத்த மாத்தணும்னா காரியதரிசி உத்தரவு வேணும். அவரு வெளியூருக்குக் கேம்ப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"கேம்ப் முடிஞ்சதும் வருவாரு."

அண்ணன் மருத்துவப் பகுதிக்கு ஓடி வைத்தியரிடம் கெஞ்சினான். அவர் கொம்பின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இது வந்தப்பறந்தான் தம்பி நம்ம பக்கம் ஆளே எட்டிப் பாக்குது. வயித்துல அடிக்காதீக. இன்னைக்கு ஒரு நாளு கெடக்கட்டும்" என்றார். அவர் கெட்டவரில்லை. அந்த ஒரு நாள்தான் எங்களுக்கும் வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நடுவர்கள் கைத்தொழில் பகுதியைச் சுற்றி முடித்துப் போனார்கள். சோப்பு அன்னத்துக்கு முதல் பரிசு.

நாட்டு மருத்துவப் பகுதியில் முதல் பரிசு "பண்டைய மருந்து புகட்டும் கருவி"க்கு. கொம்போடு சேர்த்து, பொன்னிற எழுத்தில் அண்ணன் பெயர் போட்ட பத்திரமும் ஒரு ஜாடி லேகியமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் படித்துப் பார்த்தபோது அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். அத்தா சிரித்தார், அம்மாவும் துப்பட்டிக்குள் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"பரிசு பரிசுதானத்தா?" என்றேன் நான்.

அத்தா வெகுநேரம் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைத்தொழிலுக்குன்னுதான பேச்சு" என்றார். அவர் குரலில் பிடிவாதம் இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் வளைந்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் மறுக்கவில்லை. "பேச்சு அதுதான்த்தா" என்றான். இருவரும் ஒரே வார்ப்பு.

கொம்பை அவனே எடுத்துப் போனான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் குமட்டலுக்கு ஆகும் என்று அம்மா அதற்குள் கருஞ்சீரகமும் ஓமமும் நிரப்பி, மூடியை இறுக அடைத்துக் கொடுத்தாள். ரயில் ஜன்னல் வழியே அதைத் தூக்கிக்காட்டி, "வைத்தியரு பொய் சொல்லல பாத்துமா, மருந்துக்கொம்பாவே ஆயிருச்சு பாரு. வாரேன்" என்றான். எங்கள் ஊரில் போகிறவர்களும் வாரேன் என்றுதான் சொல்வார்கள்.

அதன்பின் வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து, அதைக் கேலி செய்ய ஆளில்லாமல் கைகால் கழுவினேன். அத்தா பகல் முழுக்கச் சீப்பு அறுத்தார். அம்மா சோறு வடிக்கும்போது பழக்கத்தில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டுவிடுவாள். மிஞ்சியதை மறுநாள் காலையில் மூவரும் தின்போம்.

ஆனால் விதித்தாள் என்னிடம் இருந்தது. பரிசுப் பத்திரத்தைக் கைத்தொழில் பகுதிக்குத் திருத்தித் தர வேண்டும் என்று ஒரு மனு எழுதி அத்தாவிடம் கையெழுத்து வாங்கினேன். கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிக் கேட்டேன். திருத்திய பத்திரம் வந்தால் இடம் கொடுக்கத் தடையில்லை என்று ஒரே வாரத்தில் பதில் போட்டார்கள். அத்தாவும், "அது திருந்தி வந்துச்சுன்னா அவன வரச் சொல்லிரு. பேச்சு நெறவேறுன மாதிரிதான" என்றார். ஆகவே அண்ணனுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது கடல் இல்லை, ஒரு வரி அடித்தல் திருத்தல்தான்.

பொருட்காட்சிக் குழு மனுவைச் சுகாதார இலாகாவுக்கு அனுப்பியது, மருந்து சம்பந்தப்பட்டதால். சுகாதார இலாகா, கொம்பு என்று இருந்ததால் கால்நடை இலாகாவுக்கு அனுப்பியது. அவர்கள், துப்பாக்கி என்ற சொல்லைப் பார்த்துப் போலீஸுக்கு. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று பானைகளைத் திறந்து பார்த்துவிட்டு, வாடை தாங்காமல் சீக்கிரமே போய்விட்டார். ஒவ்வோர் இலாகாவிலும் நினைவூட்டுக் கடிதத்துக்கு எந்த மாதிரி வாசகம், நகல் யாருக்கு, எதை அடிக்கோடிட வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்ட வித்தை அது. அண்ணன் கடிதம் ஒவ்வொன்றும், "மனு என்னாச்சு பாத்துமா?" என்று முடியும். நானும் "பரிசீலனையில் இருக்கிறது" என்றே எழுதுவேன்.

பிறகு யுத்தம் கிழக்கே வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்ததும் அங்கிருந்து வரும் தபால் நின்றது; இங்கிருந்து போட்ட கடிதங்கள் முத்திரை குத்தப்பட்டு எங்களிடமே திரும்பின. யுத்தம் முடிந்து மாமா தனியாக வந்து சேர்ந்தார். ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது கடை வாசலில் நின்ற அண்ணனையும் லாரியில் ஏற்றிப் போனார்கள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இப்போது அந்தச் சந்தில் பிளாஸ்டிக் வாளிகள் விற்கிறார்கள். வாடை என்று சொல்ல ஒன்றுமில்லை. பொருட்காட்சி மட்டும் வருடந்தோறும் நடக்கிறது, ராட்டினமும் ஒலிபெருக்கியுமாக. மருந்து என்றால் இன்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாத்திரை ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது என்று சொன்னால் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

மனுவுக்குப் பதில் வராமல் போகவில்லை. யாரையும் குறைசொல்ல இடம் வைக்காத, ஒழுங்கான பதில். ஒன்பதாவது விதியின்படி பொருள் கைத்தொழில் பகுதியைச் சேர்ந்ததே என்றும், பத்திரம் அவ்வாறே திருத்தப்பட்டிருப்பதாகவும், பொருளைச் செய்தவர் நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அத்தா அதை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷில் மகனின் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதம் வந்து சேர்ந்த நாள், 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை.