நாலு மூடி ஆயில்

போன நவரைப் பட்ட நெல் சாகுபடியின்போது, காவாந்தண்டலத்தில் எங்கள் கழனியில் நடந்தது இது. நெல்லில் புழு விழுந்திருந்தது. மருந்து அடிக்க, முதுகில் மாட்டுகிற பவர் ஸ்பிரேயர் சொந்தமாகவே வைத்திருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு அடிப்பவர் ஊர்க்கோடியிலிருந்து கூலிக்கு வருகிறவர். பெட்ரோலில் ஆயில் கலப்பதை மட்டும் யாரிடமும் விடமாட்டேன். லிட்டருக்கு, ஆயில் டப்பா மூடியால் நாலு மூடி. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனாலும் என் அளவு தப்பாது என்று ஒரு கர்வம்.

அன்று காலை மெஷினில் ஒரே புகை. நாலு அடி நடப்பதற்குள் திணறித் திணறி நின்றுவிட்டது. களை எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, மருந்து அடிப்பவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"நீதான் கார்ப்பரேட்டர் ஸ்குருவ இன்னாவோ நோண்டிக்கீற. நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னோடு உத்திரமேரூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கன்னங்கரேலென்று ஆயிலில் ஊறிக் கிடந்தது. சரியாக எரிந்தால் காப்பித்தூள் நிறத்தில் இருக்குமாம். ஸ்குருவை யாரும் தொடவில்லை, ஆயில்தான் அதிகம் என்றார்.

"யாருயா கலந்தது? இன்ஜினுக்கு எண்ணெ வெச்சித் தல சீவி வுட்டுக்கீறீங்க?"

கடையில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கமான ஆயில் கிடைக்காமல் வேறு டப்பா வாங்கியிருந்தேன். அதன் மூடி பெரிசு. அதிலும் நாலு மூடியே ஊற்றியிருக்கிறேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர், "நான்தான் கலந்தேன்" என்றார். காலையில் அத்தனை பேர் முன்னால் நான் அவமானப்படுத்திய மனிதர்.

மெக்கானிக் அவரைத் திட்டிக்கொண்டே டேங்கைக் காலி செய்து, புதிதாக அளந்து கலந்து, பிளக்கைத் துடைத்து மாட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி பிளக்கைக் கழற்றினார். காப்பித்தூள் நிறம். அதுவரைக்கும் நான் பேசாமல்தான் நின்றேன். பிறகுதான் நாக்கு எழுந்தது.

"அவன் கலக்கல, நைனா. நான்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "மூடி பெருசா கீதேன்னு அப்பவே பாத்தேன், பெரியம்மா. சொன்னா கேப்பீங்களா?"

மறுநாள் களை எடுக்கும் பெண்கள் எதிரிலும் என் தப்பைச் சொல்லித்தான் மருந்தடிப்பை ஆரம்பித்தோம். பயிர் தேறிவிட்டது. ஆனால் ஆயில் டப்பாவை எடுக்கும்போதெல்லாம், என் நல்லதுக்குச் சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.