எதிர்வீட்டுத் தலைவரி

செவ்வாய்க்கிழமைகளில் எதிர்ப்பக்கத்துக் குப்பை லொறி வருவதற்கு முன்பே மெற்றில்டா யன்னலடிக்கு வந்துவிடுவார். கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும். "பாருங்கோ தம்பி, எங்கட பக்கத்துக்கு முதல் அங்கை வந்திட்டாங்கள்," என்பார், மேலறையில் வாடகைக்கு இருக்கும் என்னிடம்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீதியின் நடுவால் இரண்டு கவுன்சில்களின் எல்லை போகிறது. தொண்ணூறாம் ஆண்டு வரை அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. அந்தச் சித்திரையில் வீட்டுவரி போய், ஆளுக்கு இவ்வளவு என்று, கவுன்சிலுக்கு ஒரு தொகையாக, தலைவரி வந்தது. எதிர்வீட்டு டொலறஸுக்கு வந்தது மெற்றில்டாவின் வரியில் பாதி.

"ஒரே றோட்டு, ஒரே மாதிரி வீடு. அவ என்ன புண்ணியம் செய்தவ?"

டொலறஸ் புதுக் குளிரங்கி வாங்கினார். மாதாகோவில் பூசையில் மெற்றில்டாவின் கண் பீடத்தில் இல்லை, அந்த அங்கியில்தான் இருந்தது. ஆளுக்காள் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் டொலறஸுக்கு விரல் நுனியை மட்டும் கொடுத்தார்.

மெற்றில்டாவின் கணவர் பீற்றர் பாரிசவாதத்தில் விழுந்தவர். வியாழன்தோறும் கவுன்சில் அனுப்பும் மேவிஸ் வந்து அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிடுவாள். அதை மெற்றில்டா ஒரு வரவாகவே நினைத்ததில்லை.

ஒரு ஞாயிறு கோவில் வாசலில் டொலறஸ் அவரை மறித்தார். "அக்கா, படுக்கையிலை கிடக்கிற மாமியைப் பாக்க வந்த ஆளை எங்கட கவுன்சில் நிப்பாட்டிப்போட்டுது. நான்தான் தூக்கிக் குளிப்பாட்டுறன். நாரி விட்டுப்போச்சு, குனிஞ்சா நிமிரேலாது. உங்கட வீட்டுக்கு அந்தப் பிள்ளை வாறதைக் காணேக்கை எனக்கு வயிறு எரியுது."

"ஓமோ?" என்றார் மெற்றில்டா. வீடு வரும்வரை வாய்க்குள் ஒரு ஞானப்பாட்டு. அவர் அவ்வளவு இலேசாக நடந்து நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. எங்கள் கவுன்சில் செலவழிக்கக்கூடிய தொகைக்கு அரசாங்கம் வரம்பு கட்டிவிட்டது. மாத முடிவோடு மேவிஸ் வரமாட்டாள். நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"இனி இவரை ஆர் தூக்கிறது?" என்றார். பீற்றரின் காலைப் போர்வையால் மூடிவிட்டு, "டொலறஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

கடைசி வியாழன் மழை. வழக்கமாகக் குசினி அடுப்படியிலேயே விடைகொடுக்கிறவர், அன்று குடையை விரித்து மேவிஸைக் கேற்வரை கூட்டிப்போனார். எதிர்வீட்டில் டொலறஸ் கதவைத் திறந்து பால் போத்தல்களை எடுத்துக்கொண்டிருந்தார். மெற்றில்டா மேவிஸின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, வீதி முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில், "அடுத்த வியாழன் பார்ப்போம்!" என்றார்.