அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழ வேண்டுமாம்

இன்று காலை குடவாசல் பஸ்ஸில் வரும்போது எங்கள் ஸ்டுடியோ மேனேஜர் போன் செய்தார். விதைநெல் கம்பெனி ஒன்றுக்காக நான் செய்த ஒரு நிமிட அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டாராம்.

வாய்க்கால் தண்ணீருக்காகப் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பி கதை. கடைசியில் தம்பி மண்வெட்டியோடு வந்து நிற்பான். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே வரப்பில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். அந்த நகர்தலுக்கு மட்டும் நான்கு நாள் உழைத்தேன்.

"எமோஷனே இல்லைங்க. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழட்டும். அப்பதான் பாசம் தெரியும்," என்றார்.

கண்ணீர் சொட்டினால்தான் இவருக்குப் பாசம்.

எனக்கே சந்தேகம் வந்து, போனில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டினேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் தம்பியாம்மா? பேச்சுவார்த்தை இல்ல போலருக்கே."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"சின்னவன் தயங்கி நிக்கிறான்ல. அந்தா, பெரியவன் எடம் விட்டுட்டான் பாரு. அவ்ளோதான், தீந்துச்சு."

இதை மேனேஜரிடம் சொன்னேன். "பஸ்ல வர்றவங்களா நமக்கு அப்ரூவல் தர்றாங்க?" என்று சிரித்தார். விதை வாங்கப் போவது அவர்கள்தான் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

மதியம் கட்டிப் பிடிக்க வைத்து அனுப்பினேன். பத்து நிமிட வேலை. இரண்டு நெல் மூட்டைகளைச் சாய்த்து வைத்தது போல இருக்கிறது. "சூப்பர்!" என்று பதில் வந்தது. படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

சண்டை தீர்ந்த அண்ணன் தம்பி வரப்பில் கட்டிப் பிடித்து அழுததை நேரில் பார்த்தவர்கள் கமெண்டில் வாங்க. மேனேஜருக்கு ஒரு சாட்சியாவது வேண்டாமா?