விரியாத கல்

மின்வெட்டு பகலின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருந்த ஆண்டு அது. திண்டிவனத்துக்கு வெளியே என் மனைவியின் தம்பி ஒரு கல்மாவு மில் நடத்திவந்தான். பீங்கான் தொழிற்சாலைகளுக்காக வெங்கச்சங்கல் எனும் குவார்ட்ஸை மாவாக்கும் மில். வெள்ளை வெளேரென்ற அந்தக் கல்லின் கடினத்துக்குக் கிடைத்த சில மணி நேர மின்சாரம் போதவில்லை. "தம்பி மில்லை மூடவிடாதீங்க" என்பதுதான் மருத்துவமனையில் என் மனைவி கடைசியாக என்னிடம் கேட்டது.

தாதுப் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வழி தெரிந்திருந்தது. கல்லைச் சிவக்கச் சுட்டு, சூட்டோடு தண்ணீரில் தள்ளினால் உள்ளே நுண்விரிசல்கள் ஓடும். அதன்பின் எளிதில் அரைபடும். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு.

"தப்பா நெனைச்சிக்காதீங்க சார். வீட்டம்மா தவறி வருசம் திரும்பல. துக்கக்காரங்க கண்ணு பட்டா சூளை வேகாது. பிரிக்கிற அன்னிக்கு வாங்க."

ஆகவே நான் விழுப்புரத்தில் என் வீட்டில் அமர்ந்து, மைத்துனனுக்குத் தொலைபேசியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்: சிவந்ததும் இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளச் சொல். "சொல்லிட்டேன் மாமா" என்றான், ஒவ்வொரு முறையும்.

நான் போனபோது சூளை ஆறிக் கிடந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு காகம் குளித்துக்கொண்டிருந்தது. சூளைக்காரர் பெருமையோடு ஒரு கல்லை என் கையில் வைத்தார்.

"ஒண்ணு கூட விரியல, பாத்துக்குங்க! வாயை மண்ணு வச்சி அடைச்சி, பொறுமையா ஆற உட்டேன்."

"தண்ணியில தள்ளச் சொல்லியிருந்தேனே?"

"சுடு கல்லுல தண்ணி பட்டா வெடிச்சிடும் சார்!"

"வெடிக்கணும்னுதானேங்க இவ்வளவு பாடும்!"

பக்கத்தில் நின்ற மைத்துனனைப் பார்த்தேன். "நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் மாமா. சார் தெரியாம சொல்றாரு, கல்லு பாழாப் பூடும்னாரு. சூளை வேலையில பெரிய ஆளாச்சேன்னு உட்டுட்டேன்."

அந்தக் கல்லை அரைத்தும் பார்த்தோம். மின்சாரம் போனபோது பெரும்பகுதி அரைக்கும் உருளைக்குள் அப்படியே கிடந்தது. மில்லை விற்றுவிடலாமா என்று மைத்துனன் மெல்லக் கேட்டான். மறுபடி சூளை அடுக்கச் சொன்னேன். இம்முறை அருகில் நிற்கப்போவது நான் என்றும், என் துக்கத்தால் அது வேகாமல் போனால் அந்தப் பழி என்னுடையது என்றும் தெரிவித்தேன்.

சூளைக்காரர் கற்பூரம் கொளுத்திவிட்டு என் முகத்தைப் பாராமலே நெருப்பு மூட்டினார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலும் சவுக்கு விறகும் எரிந்தன. என்னை வைத்துக்கொண்டே கல் சிவந்தது. நீண்ட இரும்புக் கொக்கியால் இழுத்துத் தொட்டியில் தள்ளியபோது சடசடவென்று ஓசை எழுந்தது. ஒரு துண்டை எடுத்து அழுத்தினேன். கற்கண்டைப் போல நொறுங்கியது.

"நல்லா வெந்த கல்லு" என்றார் சூளைக்காரர், மனம் தாளாமல். "இப்படி நாசம் பண்ணிட்டீங்களே சார்."

மறுநாள் அதை அரைத்துக்கொண்டிருந்தபோது வழக்கம்போல் மின்சாரம் போயிற்று. மில் நின்றது, உருளையைத் திறந்தால் முழுவதும் மாவு.

"அக்கா இருந்தா..." என்று தொடங்கிய மைத்துனன் நிறுத்திக்கொண்டான்.

மூட்டை பிடிக்கச் சொன்னேன்.